விளக்கக் கடிதங்கள்

எழுநூற்றுப் பன்னிரண்டில் தொடங்கினேன்.
இப்போது ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றைந்து.
இடையில் இரண்டு வருடம், உடைந்த ஒரு கைப்பேசிக் கண்ணாடி,
கணக்கில் வராத தே ஓ.

பகாவ் செம்பனை ஆலையின் எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
லோரி உள்ளே போகையில் ஓர் எடை, வெளியே வருகையில் ஓர் எடை.
முழு எடையில் வெறும் எடை போனால் குலையின் எடை.
இந்த ஒரு கழித்தலுக்குத்தான் மாதச் சம்பளம்.
இரண்டு லோரிக்கு நடுவே
ஒரு பத்து நிமிட ஆட்டம் அடங்கும் என்று கணக்குப் போட்டேன்.
அடங்காது.
என் குதிரை சிக்கிக்கொள்ளும் நேரம் பார்த்துத்தான்
ஹமீட்டின் லோரி வளைவில் விளக்கடிக்கும்.

முதல் ஆறு மாதம் ராணியை நம்பினேன்.
மூன்றாம் நகர்த்தலிலேயே
சம்பள நாளில் கடைத்தெருவுக்குக் கிளம்புகிறவள் மாதிரி
கிளம்பிவிடுவாள்.
திரும்பி வந்ததில்லை.
யானைகள் இரண்டும் மூலையில் நின்றபடியே
ஆட்டம் முடிந்த செய்தியைக் கேள்விப்படும்.

பிறகு காணொளிகள்.
தொடக்கங்களின் பெயரெல்லாம் மனப்பாடம் ஆயிற்று.
பெயர் தெரியாமல் தோற்றது போய்
பெயர் தெரிந்தே தோற்றேன்.

தோற்ற சூட்டில் இன்னொன்று. அந்தச் சூட்டில் இன்னொன்று.
தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரே இரவில் தொண்ணூறு புள்ளி போனது.
விடிகாலையில்
முழு எடைக்கான கட்டத்தில் வெறும் எடையை அடித்து வைத்தேன்.
பத்தொன்பது டன் குலை இல்லாமல் போனதோடு
பத்தொன்பது டன் கடனும் பட்டு
ஒரு லோரி வெளியேறியது.
மேலாளர் சிரிக்கவில்லை.

சீட்டை ரத்து செய்ய விளக்கக் கடிதம் வேண்டுமாம்.
எப்போது, எங்கே, எதனால்.
இப்படிக்கு, இரா. திலகேஸ்வரி, எடைமேடை.
கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது,
எண்ணூறு தோல்விக்கு
ஒரு கடிதம்கூட எழுதியதில்லை நான்.

அன்றிலிருந்து ரத்தான சீட்டுகளின் பின்பக்கம்:

பதினாலாம் நகர்த்தல். அந்தச் சிப்பாய் ஏன் நகர்ந்தது என்று கேட்கவில்லை.
இருபத்திரண்டு. தாக்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.
முப்பத்தொன்று. ஜெயித்தாயிற்று என்று சோம்பல் முறித்தேன். குதிரை.
ஒன்பது. ஹமீட்.
பதினேழு. சிப்பாய் ஏன் நகர்ந்தது என்று மறுபடியும் கேட்கவில்லை.

நாற்பது கடிதம் சேர்ந்த பின் வரிசையாகப் படித்தேன்.
எனக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும்
நாற்பது விதமாகப் பார்த்திருக்கிறேன்.
எதிரே இருப்பவனுக்கும் ஏதோ வேண்டியிருந்திருக்கிறது, பாவம்.
தெரிந்துவிட்டது. தெரிந்த மறுநாள்
அதையே மறந்து மூன்று ஆட்டம் தோற்றேன்.

நேற்று மழை. லோரி இல்லை.
எதிரே பராகுவேக் கொடி. அங்கே பகலாக இருக்கும்.
ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான்.
வலது கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.
உனக்கு என்ன வேண்டும்?
மந்திரி. என் மந்திரிக்குத் திரும்பும் வழியை அடைக்கப் பார்க்கிறாய்.
சரி, நான் முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.
அதற்குப் பின் பார்க்க அழகான நகர்த்தல் எதுவுமில்லை.
ஐம்பத்தொன்றாவதில்
ராணி இல்லை, யானை இல்லை,
குடையில்லாமல் நடந்துபோகிற மனுஷன் மாதிரி
என் ராஜாவே நடந்து போய்
கடைசிச் சிப்பாயை எட்டாம் வரிசைக்கு வழியனுப்பினான்.

பராகுவே விட்டுக்கொடுத்தது. ஆயிரத்து இருநூற்று மூன்று.

காவலுக்கு நிற்கும் தில் பகதூர்
மழைக்கோட்டோடு சன்னலில் எட்டிப் பார்த்தான். “மெனாங்?”
மெனாங், என்றேன்.
எவ்வளவு கிடைத்தது என்றான்.
எட்டு.
எட்டு வெள்ளியா?
எட்டு.
கொஞ்சம் யோசித்துவிட்டு, பரவாயில்லை என்று
கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனான்.

உடனே இன்னொரு ஆட்டம் திறந்தேன், திறந்திருக்கக் கூடாது.
எட்டும் போய்விட்டது.

சீட்டின் பின்பக்கம்:
ஏழாம் நகர்த்தல்.
சந்தோஷமாக இருந்தேன்.